சீட்டு வாங்காத விருந்தாளி

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் முதலிய ஜில்லாக்களிலிருந்து பெங்களூரை நோக்கிக் குடும்பம் குடும்பமாகப் புறப்படுகிறார்கள். லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் பார்த்துவிட்டு மாலை ரயிலில் திரும்பிய காலம் போய், மைசூர்ச் சாலையில் பிடதிக்கு அருகே 2005ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வொண்டர்லா போன்ற கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள், பன்னேர்கட்டா வனவிலங்குப் பூங்காவில் ஒரு நாள், விடுதியில் இரண்டு மூன்று இரவுகள் என்று நீண்டுவிட்ட உல்லாசப் பிரயாணமாக அது இப்போது மாறியிருக்கிறது. இந்தப் பிரயாணத்தில் பெரியவர்களுக்கு முழுச் சீட்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சலுகைச் சீட்டு. கைக்குழந்தைக்கோ சீட்டே கிடையாது. ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை. பூங்காக்களிலும் குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழ்ப்பட்ட சிறுவர்களை இலவசமாக விடுவது வழக்கம். இந்தத் தாராளத்தின் நிழலிலே, பணம் கொடுக்காமல் வந்தவனுக்கு உரிமை ஏது என்ற எண்ணம் நடத்துவோர் மனத்தில் மட்டுமன்றிப் பெற்றோர் மனத்திலும் படிந்துவிட்டதைக் கண்டு நான் மெய்யாகவே கவலைப்படுகிறேன். சீட்டு வாங்காத அந்தச் சிறு விருந்தாளிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் இன்னதென்று நம்மில் பலர் அறியாததே அதற்குக் காரணம்.

சென்ற கோடையில், நகரத்தின் வேறொரு பக்கத்திலுள்ள ஒரு கேளிக்கைத் தலத்துக்கு, நான்கு வயதுப் பேத்தியையும் பத்து மாதப் பேரனையும் அழைத்துக்கொண்டு நாங்கள் போயிருந்தோம். வாயிலில் பைகளைச் சோதித்த காவலாளி, மருமகளின் பையிலிருந்த சிறிய எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தார். விடியற்காலையில் காய்ச்சி ஆறவைத்த ராகிக் கஞ்சி, மேலே மெல்லிய ஆடை படிந்து, இன்னும் இளஞ்சூட்டோடு இருந்தது. "வெளிச் சாப்பாடு உள்ளே போகாது, ஐயா" என்றார். "தம்பி, இது குழந்தைக் கஞ்சி; உள்ளே இது விலைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டேன். "பெரியவரே, நான் என்ன பண்ணட்டும், மேலே சொல்றதைத்தான் செய்யறேன்" என்று அவர் தயங்கியபடி டப்பாவை மேஜைக்கடியில் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகல் ஒரு மணிக்குப் பசியால் வீறிட்ட குழந்தைக்கு உள்ளே கிடைத்ததெல்லாம் வறுவலும் ஐஸ்கிரீமுமே என்பதும், மருமகள் வெயிலில் அரைமைல் நடந்து வாயிலுக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து அந்தக் கஞ்சியை ஊட்டிவிட்டுத் திரும்பினாள் என்பதும்தான் இன்றும் என் மனத்தை உறுத்துகின்றன.

2023ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ஜம்மு காஷ்மீர்த் திரையரங்குகள் பற்றிய வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. வெளியுணவைத் தடுக்கும் அதிகாரம் அரங்கின் சொந்தக்காரருக்கு உண்டு என்று ஒப்புக்கொண்ட அந்தத் தீர்ப்பே, சுத்தமான குடிநீரை இலவசமாகக் கொடுக்க வேண்டுமென்பதையும், பெற்றோருடன் வரும் சிசுவுக்கோ குழந்தைக்கோ வேண்டிய நியாயமான அளவு உணவைத் தடுக்கலாகாதென்பதையும் சேர்த்தே பதிவு செய்தது. திரையரங்கைப் பற்றிய தீர்ப்பாயினும், மூன்று மணி நேரம் உட்காருமிடத்தில் குழந்தைக்குக் கொடுத்த சலுகையைப் பகல் முழுவதும் அலையவேண்டிய இடத்தில் மறுப்பதற்கு எந்த நியாயமும் இருக்க முடியாது. வாயிலில் நிதானமாக இந்தத் தீர்ப்பைச் சொல்லி மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாயாருக்கும் இப்படியொரு ஆதாரம் உண்டு. பெங்களூரில் பிரசவ விடுதியிலிருந்து களவுபோன ஒரு சிசுவைப் பற்றிய வழக்கில், 2021ஆம் ஆண்டு கர்நாடக ஹைகோர்ட்டு, தாய்ப்பாலூட்டுவது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் உரிமை என்று அறிவித்தது. ஒரு மூலையில் திரையிட்ட அறையைக் கேட்பது யாசகம் கேட்பதாகாது.

இலவசமாக நுழைந்த குழந்தை நுகர்வோர் ஆகுமா என்பது அடுத்த கேள்வி. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இலவச சேவையைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருப்பது மெய்தான். ஆனால் பணம் கொடுத்தவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையை அனுபவிப்பவரையும் நுகர்வோர் என்றே அது கருதுகிறது. 1995இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, மற்றவர்களிடம் கட்டணம் வாங்கும் ஸ்தாபனத்தில் சிலர் இலவசமாகச் சிகிச்சை பெற்றாலும் அவர்களும் சட்டத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவர்களே என்றது. 1998இல் டெல்லியின் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில், தவறான ஊசியால் பாதிக்கப்பட்ட குழந்தையும் அதற்காகப் பணம் கொடுத்த பெற்றோரும் தனித்தனியே நுகர்வோர் என்று கொண்டு, குழந்தைக்கு மட்டுமின்றிப் பெற்றோரின் மனவேதனைக்கும் நஷ்டஈடு விதித்தது. தாயும் தகப்பனும் சீட்டு வாங்கியதாலேயே இடுப்பில் இருக்கும் குழந்தையிடமும் கேளிக்கைத் தலத்துக்குக் கடமை பிறந்துவிடுகிறது. சீட்டின் பின்புறம், நேரும் விபத்துக்கெல்லாம் சீட்டு வாங்கியவரே பொறுப்பு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வாயடைத்துப் போகவேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புதிய பிரிவு சேர்க்கப்பட்டதன் நோக்கமே, நுகர்வோர் உரிமையைப் பெரிதும் குலைக்கும் இத்தகைய நிபந்தனைகளை விசாரிக்க வழிசெய்வதுதான்.

உரிமையைவிட அபாயம் முந்திக்கொண்டு வருவது. ஆகையால் அதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். ராட்டினங்களின் அருகே உயரத்தைக் குறித்து நட்டிருக்கும் பலகையை, பிள்ளையின் ஆசையைக் கெடுக்க வைத்த தடையென்று எண்ணி, நுனிக்காலில் நில் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கும் தகப்பன்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பலகையின் காரணம் மடிக்குறுக்கே இறங்கும் இரும்புத் தண்டில் இருக்கிறது. தகப்பனும் மகளும் ஒரே இருக்கையில் அமர, இருவருக்கும் ஒரே தண்டு இறங்கினால், அது தகப்பனுடைய பருத்த தொடையில் இடித்து அங்கேயே நின்றுவிடும். பக்கத்திலிருக்கும் நான்கு வயதுச் சிறுமியின் மெல்லிய தொடைக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, ஒருவரும் கவனியாமல், திறந்தே கிடக்கும். வண்டி குலுங்கி மேலெழும்போது அவளைப் பிடித்திருப்பது தகப்பனின் கை ஒன்றுதான். கைக்குழந்தையின் நிலை இன்னும் கடினம். அதன் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகவும் கனமானது, கழுத்தோ அதைத் தாங்கும் வலுப்பெறாதது. ஆகவே மெதுவாகத்தான் சுற்றுகிறதே என்ற சமாதானம் சிசுவின் விஷயத்தில் செல்லாது.

இயந்திரமே பழுதாவதும் உண்டு. 2016 மே மாதம் சென்னையை அடுத்த கிஷ்கிந்தா கேளிக்கைப் பூங்காவில் ராட்டினமொன்றைச் சோதித்துப் பார்த்தபோது அது உடைந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஜனங்கள் ஏறுவதற்கு முன்னால் நடந்த சோதனையில் நேர்ந்தது அது என்பதை நினைத்தால், தினசரி சோதனை எவ்வளவு பிரதானமானதென்று விளங்கும். 2024 மே 25இல் ராஜ்கோட்டில் விளையாட்டுக்கூடமொன்று தீப்பற்றியதில் சிறுவர்கள் உட்பட 27 பேர் மாண்டார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று பெறாமலே அது நடந்து வந்தது பின்னர் வெளிப்பட்டது. பேரங்காடிகளின் மேல்மாடியிலுள்ள சிறுவர் கூடங்களுக்குள் நுழையும்போது, வெளியேறும் இரண்டாவது வழி எங்கே என்று முதலில் பாருங்கள், தெரியாவிட்டால் கேளுங்கள், சொல்லத் தெரியாதவர்களாயின் திரும்பிவிடுங்கள்.

தண்ணீரில் குழந்தை மூழ்குவது ஆரவாரத்தோடு நடக்குமென்று எண்ணுகிறோம். அது சத்தமில்லாமல் நடக்கும். முழங்கால் அளவு நீரிலும் நடக்கும். உயிர்காப்பாளர் கரையில் நின்றாலும் சிறு குழந்தை கையெட்டும் தூரத்தைத் தாண்டலாகாது. வெயில் விஷயத்திலும் பெங்களூர் ஏமாற்றும் ஊர். குளிர்ச்சியான ஊர் என்று பெயர் வாங்கிய அங்கே 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி பதிவாயிற்று. ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்குத் தாய்ப்பாலே தண்ணீர். அடிக்கடி கொடுக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். வயிற்றுப்போக்குக் கண்ட மூத்த குழந்தைக்குக் கடையில் விற்கும் வண்ணப் பெட்டிகளை உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று நம்பி வாங்காதீர்கள். உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த கரைசலில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் மற்ற இரு உப்புக்களும் இருக்கும். அந்த அளவுக்கு ஒத்துவராத இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மருந்துக்கடைப் பொட்டலத்தை ஊரிலிருந்தே எடுத்துப்போவது உத்தமம்.

வழிப் பிரயாணத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வாடகைக் காரில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்னிருக்கையில் உட்காரும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பதினான்கு வயதுக்குட்பட்டவருக்கு இருக்கைப் பட்டையோ சிறுவர் இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பன்னேர்கட்டா சஃபாரியில் 2025 ஆகஸ்டில், வண்டியின் சன்னல் வழியே சிறுத்தையொன்று ஒரு சிறுவனின் கையைக் கீறிவிட்டது. சன்னலோரம் குழந்தைக்குரிய இடமன்று.

கூட்டத்தில் குழந்தை காணாமற்போனால், தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு சொல்லலாமென்று காலத்தை வீணாக்கலாகாது. உடனே வாயில்களில் அறிவிக்கச் சொல்லி, 112க்கோ சிறுவர் உதவி எண் 1098க்கோ பேசுங்கள். காணாமற்போன குழந்தையைப் பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டுமென்பது 2013ஆம் ஆண்டு முதல் சுப்ரீம் கோர்ட்டின் கட்டளை. நான்கு வயதுப் பெண்ணுக்குத் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்விப்பதைவிட, அவளுடைய சட்டையின் உட்புறத்தில் அழியாத மையினால் எழுதிவைப்பது பயன் தரும்; பயந்த குழந்தை பாடம் ஒப்பிக்காது.

பணத்தைப் பற்றிய சில்லறைத் தொல்லைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கடையில் எடுத்துக்கொண்டு போகும் தண்ணீர் புட்டிக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கேட்கக் கூடாது. மேஜையில் அமரச் செய்து பரிமாறும் உணவகத்துக்கு மட்டும் சுப்ரீம் கோர்ட்டின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பு விலக்களித்திருக்கிறது. சேவைக் கட்டணத்தை பில்லில் தானாகச் சேர்ப்பதை 2022ஆம் ஆண்டின் விதிமுறைகள் தடுக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது கடைசி நிமிஷத்தில் புதிய கட்டணங்களை ஏற்றுவதும், கேளாத காப்பீட்டைக் கூடையில் நுழைப்பதும் 2023 நவம்பர் முதல் தடை செய்யப்பட்டவை.

விபத்தோ அவமதிப்போ நேர்ந்துவிட்டால் அந்த இடத்திலேயே, அந்த நாளிலேயே, புகாரை எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். மணிக்கட்டுப் பட்டை, சீட்டு, பில், டாக்டர் எழுதிய சீட்டு, ராட்டினத்தின் படம் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். பட்டையை விடுதியிலேயே கத்தரித்து எறிந்துவிடுவதால்தான் பல வழக்குகள் பலவீனப்படுகின்றன. காயம் பட்டிருந்தால் போலீசிலும் புகார் கொடுக்கவேண்டும். ஊர் திரும்பிய பின்னும், எல்லை எதுவாயினும் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். மற்றக் குறைகளுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் தொடங்கலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. எந்த ஆணையம் என்பதை நாம் கேட்கும் நஷ்டஈட்டைக் கொண்டு தீர்மானிப்பதில்லை, கொடுத்த கட்டணத்தைக் கொண்டே தீர்மானிக்கிறார்கள். 50 லட்சம் ரூபாய் வரை மாவட்டத்திலேயே முடியும்; 5 லட்சம் வரை மனுக் கட்டணமும் இல்லை; வக்கீல் வைத்தே தீரவேண்டுமென்பதும் இல்லை. இவற்றினும் முக்கியமானது, புகார் செய்பவர் தாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுப்போடலாம் என்று 2019ஆம் ஆண்டின் சட்டம் செய்த ஏற்பாடு. பெங்களூரில் நடந்த சங்கதிக்குச் சேலத்துக் குடும்பம் சேலத்து ஆணையத்தையே நாடலாம். நியாயம் கேட்பதற்காகக் கைக்குழந்தையை மறுபடி தூக்கிக்கொண்டு பஸ் ஏறவேண்டியதில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டு. கஞ்சி டப்பாவை வாயிலில் விட்டுவிட்டு உள்ளே போன என் பேரனுக்கு அதற்குள் மூன்று வயதுகூட நிரம்பியிராது.