எங்கே நின்றது மடிக்கணினி?

ஒரு மடிக்கணினி நேற்று மாலைவரை ஓடிக்கொண்டிருந்தது. இணையத்தில் கிடைத்த இலவச மென்பொருள் ஒன்றை நிறுவிய பிறகு திரையில் வேண்டாத விளம்பரங்கள் முளைத்தன, வேகம் குறைந்தது, வைரஸ் தடுப்பு மென்பொருள் எதையோ பிடித்து அழித்ததாக அறிவித்தது. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரைதான். நடந்தவற்றை இப்படி வரிசையாகக் கேட்கும் எவரும் ‘வைரஸ்தான் சாகடித்துவிட்டது’ என்பார்கள். பழுதுபார்க்கும் கடைகள் பலவற்றிலும் அதே பேச்சு. ஃபார்மட் போட்டுவிடலாம் என்பதே அங்கே சொல்லப்படும் வைத்தியம். இது அவசரத் தீர்ப்பு என்பது என் கட்சி. அந்தக் கணினியில் வைரஸ் இருந்திருக்கலாம். ஆனால் கணினி எழாமல் போனதற்கு நேர்க் காரணம் வேறாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவும் முதல் தடயம், கணினி எந்தக் கட்டம்வரை வந்து நின்றது என்பது.

வைரஸ் எழுதுகிறவருக்கு என்ன லாபம் என்று முதலில் கேட்டுப் பார்ப்போம். கடவுச்சொல் திருடுவது, வங்கிக் கணக்கை வேவு பார்ப்பது, விளம்பரம் காட்டிக் காசு பார்ப்பது, அடுத்தவர் மின்சாரத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டுவது, குப்பை மின்னஞ்சல் அனுப்புவது என்று இன்றைய தீநிரல்களின் தொழில்கள் பெரும்பாலும் கணினி உயிரோடு இருந்தால்தான் நடக்கும். மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவிக்கு மரம் பட்டுப்போவதில் ஆதாயம் இல்லை. இதற்கு 2010இல் நல்ல சான்று ஒன்று கிடைத்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பை வெளியிட்டது. அதை நிறுவிய பல விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் நீலத் திரை காட்டி நின்றுவிட்டன. பழி முதலில் மைக்ரோசாஃப்ட் மேல்தான் விழுந்தது. ஆராய்ந்து பார்த்தபோது, அந்தக் கணினிகளில் அலூரியான் என்ற ரூட்கிட், அதாவது இயங்குதளத்தின் ஆழத்தில் மறைந்துகொள்ளும் தீநிரல், ஏற்கெனவே ஒளிந்திருந்தது தெரியவந்தது. விண்டோஸின் கருநிரலில் எந்தச் செயற்கூறு எந்த முகவரியில் இருக்கும் என்பதை அது தனக்குள் நிலையாக எழுதி வைத்திருந்தது. புதுப்பிப்பு அந்த முகவரிகளை மாற்றியதும் ரூட்கிட் தவறான இடத்தைத் தொட்டது, கணினி விழுந்தது. சுவையான பகுதி இதற்குப் பிறகு வருகிறது. ரூட்கிட்டை எழுதியவர்கள் சில நாள்களிலேயே அதைத் திருத்தி, புதுப்பித்த விண்டோஸிலும் கணினி ஒழுங்காக எழும்படி செய்துவிட்டார்கள். தம் சரக்கு ஓடும் கணினி நின்றுபோவதை அவர்களே பிழையாகக் கருதினார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மருந்தே கணினியை முடக்கிய கதைகளும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று வைரஸ் தடுப்பு நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட வைரஸ் அடையாளக் கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத உறுப்பான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே வைரஸ் என்று தவறாக முடிவுகட்டியது. கணினிகள் எழுவதும் விழுவதுமாக மாறி மாறித் தவித்தன. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரைக்குத் தள்ளியது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. இந்த இரண்டு நிகழ்விலும் கணினிகளை வீழ்த்தியது வைரஸ் அல்ல, வைரஸைத் தடுக்க வந்த மென்பொருள். வீட்டுக் கணினியில் இதே கதை சிறிய அளவில் நடக்கும். நாம் உள்நுழைந்தவுடன் விண்டோஸ் இயக்க வேண்டிய யூசர்இனிட் என்ற நிரலின் பெயர் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகியிருக்கும். சில தீநிரல்கள் அந்த இடத்தில் தம் பெயரை எழுதிவிடும். வைரஸ் தடுப்பு மென்பொருள் தீநிரல் கோப்பை அழித்துவிட்டு ரெஜிஸ்ட்ரியைத் திருத்தாமல் விட்டால், கடவுச்சொல்லைக் கொடுத்த அடுத்த நொடியே கணினி நம்மை வெளியே அனுப்பிவிடும். தொற்று நீங்கியாகிவிட்டது, ஆனால் உள்ளே போக வழியில்லை! பயத்தில் நாம் செய்வதும் சேர்ந்துகொள்ளும். புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதும், ‘கிளீனர்’ என்ற பெயரில் வரும் எதையாவது நிறுவுவதும், இரண்டு மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவதும் கணினியைக் கெடுக்கப் போதுமானவை. உலாவியில் பக்கம் முழுக்கச் சிவப்பாக வந்து ‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று அலறும் அறிவிப்புகள் அனேகமாக வெறும் விளம்பர மோசடி. அவை வந்ததாலேயே தொற்று இருக்கிறது என்று கொள்ள வேண்டியதில்லை.

கணினியைக் கொல்வதற்கென்றே எழுதப்பட்ட வைரஸ்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. தைவானில் ஒரு கல்லூரி மாணவர் எழுதிய சிஐஎச் வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்தது. செர்னோபில் விபத்தின் நினைவு நாளில் வந்ததால் அந்தப் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. வன்வட்டின் தொடக்கப் பகுதியை அது அழித்தது. கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் சிப்பின் நிரலையும் அழிக்க முயன்றது. அது பலித்த கணினிகளில் லோகோகூட வரவில்லை. 2012இல் ஷமூன் என்ற தீநிரல் சவூதி அராம்கோவின் சுமார் 30,000 கணினிகளைத் துடைத்தது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனின் கணக்குப் பதிவு மென்பொருள் ஒன்றின் வழியாகப் பரவிய நாட்பெட்யா இன்னும் தந்திரமானது. கணினியை மறுபடி தொடங்கவைத்து, வட்டைச் சரிபார்ப்பது போன்ற பொய்த் திரையைக் காட்டிக்கொண்டே கோப்புப் பட்டியலைப் பூட்டியது; பின்பு பணம் கேட்டது; பணம் கொடுத்தாலும் திறக்க வழி வைக்கவில்லை. மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இவை என் வாதத்தை உடைக்கவில்லை. பிந்தைய இரண்டும் எதிரியின் நாட்டையோ நிறுவனத்தையோ முடக்க ஏவப்பட்ட ஆயுதங்கள். விளம்பரம் காட்டிக் காசு பார்க்கும் கூட்டத்துக்கு அந்த நோக்கம் கிடையாது. சிஐஎச் பயாஸை எளிதாகத் தொட முடிந்தது அன்றைய சிப்கள் காவலின்றி இருந்ததால். இன்றைய கணினிகளின் ஃபர்ம்வேர் பொதுவாகத் தயாரிப்பாளரின் மின்கையொப்பம் உள்ள நிரலையே ஏற்கும். அந்தக் காவலையும் தாண்டியவை உண்டு. 2018இல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்திய லோஜாக்ஸ், தாய்ப்பலகைச் சிப்பிலேயே குடியேறி, வன்வட்டை மாற்றினாலும் பிழைத்திருந்தது. 2023இல் அதே நிறுவனம் விவரித்த பிளாக்லோட்டஸ், கையொப்பமுள்ள துவக்க நிரலையே அனுமதிக்கும் செக்யூர் பூட் காவலைக் கடந்தது. ஆனால் இவ்வளவு ஆழம்வரை இறங்கிய இந்த இரண்டும் கணினியை ஓடவிட்டு ஒளிந்திருக்கவே எழுதப்பட்டவை.

ஆகவே சந்தேகப் பட்டியலை ஒதுக்கிவிட்டுத் தடயத்தைப் பார்ப்போம். பட்டனை அழுத்தியதும் விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் அங்கே எந்த நிரலும் ஓடத் தொடங்கவில்லை. சார்ஜர், பேட்டரி, மின்சுற்று ஆகியவற்றில்தான் தேட வேண்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பிறகு இணைத்துப் பார்ப்பது பல மாடல்களுக்குப் பொருந்தும் முதல் உதவி. விளக்கு எரிகிறது, லோகோ வரவில்லை, பீப் ஒலி கேட்கிறது என்றால் ரேம், திரை, தாய்ப்பலகை ஆகியவற்றின் முறை. லோகோ வருகிறது, ஆனால் துவக்கத்துக்குரிய சாதனம் இல்லை என்கிறது என்றால், பயாஸ் அமைப்புக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். பெயரே இல்லையென்றால் வட்டு செத்திருக்கலாம் அல்லது இணைப்பு தளர்ந்திருக்கலாம். பெயர் இருந்தும் எழவில்லையென்றால் துவக்க நிரல் சிதைந்திருக்கலாம். வைரஸ் மீது நியாயமான சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. விண்டோஸின் புள்ளிகள் சுழன்று நீலத் திரையில் முடிந்தால் டிரைவரோ அரைகுறைப் புதுப்பிப்போ காரணமாகலாம். உள்நுழைந்த பிறகு கறுப்புத் திரையும் சுட்டியும் மட்டும் தெரிந்தால் தீநிரலோ அது விட்டுச்சென்ற சிதைவோ காரணமாக இருக்க வாய்ப்பு கூடுகிறது. மொத்தத்தில் கணினி எவ்வளவு சீக்கிரம் நின்றுவிடுகிறதோ அவ்வளவுக்கு வன்பொருள் மீதும், எவ்வளவு தூரம் வந்து நிற்கிறதோ அவ்வளவுக்கு மென்பொருள் மீதும் சந்தேகம் சாய வேண்டும்.

ஊகத்தை உறுதிசெய்ய ஒரு சோதனை இருக்கிறது. வேறொரு சுத்தமான கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸை யுஎஸ்பி டிரைவில் ஏற்றி, அதிலிருந்து மடிக்கணினியைத் தொடங்குவது. வன்வட்டிலுள்ள விண்டோஸும் அதிலிருக்கும் எந்தத் தீநிரலும் அப்போது ஓடுவதில்லை. லினக்ஸ் தங்குதடையின்றி ஒரு மணி நேரம் ஓடினால் ரேம், திரை, தாய்ப்பலகை மீதான சந்தேகம் பெருமளவு விலகும். அதே அமர்வில் செய்ய வேண்டிய பெரிய காரியம் ஆவணங்களையும் படங்களையும் வெளி வட்டுக்கு நகலெடுப்பது. நிரல் கோப்புகளை விட்டுவிடலாம். வட்டைப் பழுதுபார்க்கும் கட்டளைகளை இதற்கு முன்பே ஓட்டக்கூடாது. சாகக் கிடக்கும் வட்டை அவை மேலும் வேலைவாங்கும், மீட்கக்கூடியதையும் இழக்க நேரும். நகல் கையில் வந்தபின் விண்டோஸின் மீட்புத் திரைக்குப் போகலாம். தொடர்ந்து இரண்டு முறை தொடக்கம் தோற்றால் அடுத்த முறை அது தானே வரும். அங்கிருந்து சேஃப் மோடில் எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால், அந்த முறையில் ஏறாமல் விடப்பட்ட டிரைவர்களிலும் தொடக்க நிரல்களிலும் ஒன்று குற்றவாளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எப்படியும் கடைசியில் ஃபார்மட்தானே, இவ்வளவு சுற்று எதற்கு என்பது அடுத்த மறுப்பு. தொற்று உறுதியானால் ஃபார்மட்தான் சரி என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ரூட்கிட் இருந்த கணினியை ஒட்டுப்போட்டு நம்புவதைவிட, சுத்தமான யுஎஸ்பியிலிருந்து விண்டோஸைப் புதிதாக நிறுவி, கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுவதே பாதுகாப்பு. தகராறு வரிசையைப் பற்றியது. வட்டு செத்துக்கொண்டிருந்தால் ஃபார்மட் அதைப் பிழைக்கவைக்காது. ரேம் கெட்டிருந்தால் புது விண்டோஸும் அதே இடத்தில் விழும். நகலெடுக்காமல் போட்ட ஃபார்மட் பத்து ஆண்டுப் படங்களைத் துடைத்துவிடும். பணயத் தீநிரல் பூட்டிய கோப்புகளையும் அழிக்காமல் வைத்திருப்பதில் பொருள் உண்டு. டச்சுக் காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் திட்டம், பல பணயத் தீநிரல்களுக்கான திறவுகோல்களை இலவசமாகத் தந்துவருகிறது. இன்று திறக்காத பூட்டு ஒரு நாள் திறக்கலாம்.

இவ்வளவையும் சரியாகச் செய்பவரைக்கூடக் கடைசியில் தடுக்கக்கூடியது பிட்லாக்கர். புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். வெளியிலிருந்து திறக்கப் போனால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். கிரவுட்ஸ்ட்ரைக் முடக்கத்தின்போது, அழிக்க வேண்டிய ஒற்றைக் கோப்பு எது என்று தெரிந்த பிறகும் பல அலுவலகங்கள் திண்டாடியது இந்த எண் கைவசம் இல்லாததால்தான். வீட்டுக் கணினிகளுக்கு அது வழக்கமாக உரியவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். மடிக்கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த எண்ணைத் தேடி எடுத்து, காகிதத்தில் எழுதி, கணினிப் பையைத் தவிர வேறு எங்காவது வையுங்கள்.