“ரெத்தத்துல ஊறினது”: குற்றமும் உடலும்

வகுப்பில் ஒரு பேனை காணாமல் போனால் தேடத் தொடங்குவதற்கு முன்பே ஒரு பெயர் வந்துவிடும். “அவனாத்தான் இருக்கும் சேர். வாப்பா மறியல்ல. ரெத்தத்துல ஊறினது.” நான் படிப்பித்த எல்லாப் பாடசாலைகளிலும் இந்த வசனத்தைக் கேட்டிருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைகளுக்காக உண்மையிலேயே பாடுபடுகிறவர்கள். இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: “இது விஞ்ஞானமே சொல்ற விசயம்தானே, ஜீன்ல இருக்கு.” தமிழ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு வசனம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்ப்பதும் எங்கட வேலைதானே.

இந்த எண்ணத்துக்கு விஞ்ஞான உடுப்பு மாட்டியவர் சேசரே லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய வைத்தியர். களவுக் குற்றத்துக்காகச் சிறையிலிருந்து இறந்துபோன வில்லெல்லா என்ற தென் இத்தாலியக் குடியானவரின் மண்டையோட்டை அவர் ஆராய்ந்தார். அதன் பின்புற அடியில் ஒரு குழி தெரிந்தது. கீழ்நிலை விலங்குகளில் காணப்படும் குழி இது. ஆகவே குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்னுக்குப் போன ஆதிமனிதன் என்று முடிவு கட்டினார். 1876இல் வெளிவந்த ‘குற்றவாளி மனிதன்’ என்ற அவரது நூல் ‘பிறவிக் குற்றவாளி’யின் அடையாளங்களை அடுக்கியது. பெரிய தாடை, வெளியே நீட்டிய காது, உயர்ந்த கன்ன எலும்பு, உடம்பில் பச்சை குத்தியிருத்தல், நோவு உறைக்காமை. பச்சை குத்துவதெல்லாம் பிறவிக் குணமாவது எப்படி என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

காலத்தையும் பார்க்க வேண்டும். இத்தாலி ஒரே நாடாக இணைந்தது 1861இல். அதன்பின் வறிய தெற்கில் கலகமும் கொள்ளையும் பரவ, வடக்கிலிருந்து படை போனது. அந்தப் படையில் வைத்தியராகப் போனவர்களில் லொம்ப்ரோசோவும் ஒருவர். தெற்கத்தியான் ஏன் அடங்க மாட்டேன் என்கிறான் என்ற கேள்விக்கு காணி, வரி, பசி என்று பதில் தேடினால் ஆட்சியாளருக்குச் சங்கடம். மண்டையோடு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை.

லொம்ப்ரோசோ அளந்தவற்றை விட, சரியாக ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டதுதான் பெரிய ஓட்டை. சிறைக்குள் இருப்பவனுக்கு நீட்டிய காது இருந்தால் போதாது. வெளியில் இருப்பவனுக்கு அது இல்லை என்றும் காட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் சார்ள்ஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை வைத்தியர். ஏறக்குறைய 3,000 கைதிகளை அளந்து, பல்கலைக்கழக மாணவர்களுடனும் படைவீரர்களுடனும் ஒப்பிட்டு 1913இல் தன் நூலை வெளியிட்டார். தனியான ‘குற்றவாளி உருவம்’ ஒன்று கிடைக்கவில்லை. கைதிகள் உயரத்திலும் நிறையிலும் கொஞ்சம் குறைந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கோரிங்கும் பரம்பரையை விட்டுவிடவில்லை. அறிவுக்குறைவு பரம்பரையாக வருகிறது, குற்றம் அதன் பின்னால் வருகிறது என்று அவர் வாதிட்டார். முன்வாசலால் அனுப்பிய எண்ணம் பின்வாசலால் வந்துவிட்டது.

தமிழரும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். பிரித்தானிய இந்தியாவின் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல், அதாவது லொம்ப்ரோசோவின் நூலுக்கு ஐந்து வருடம் முன்பே வந்தது. மண்டையோட்டை விடச் சாதித் தொழில் என்ற கதையைத்தான் அது நம்பியது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டு, பிரமலைக் கள்ளர் போன்ற சமூகங்களைப் பதிவேட்டில் ஏற்றியது. கைரேகை எதிர்ப்பில் 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிரிழந்தார்கள். இந்தியா முழுவதும் சட்டம் ஒழிந்தது 1952இல்.

சரி, பழைய கதையை விடுவோம். பின்னால் வந்த ஆய்வுகள் இவ்வளவு மோசமில்லை. பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் அவை விடமாட்டா. டென்மார்க்கில் 1924க்கும் 1947க்கும் இடையில் தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் பதிவுகளை மெட்னிக் குழுவினர் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார்கள். பெற்றவர் வேறு, வளர்த்தவர் வேறு என்பதால் இரத்தத்தையும் வீட்டையும் பிரித்துப் பார்க்கலாம். இருதரப்புப் பெற்றோரும் குற்றவாளிகளாக இல்லாத ஆண்பிள்ளைகளில் 13.5 வீதமானோர் தண்டனை பெற்றிருந்தார்கள். வளர்த்தவர் மட்டும் குற்றவாளி என்றால் 14.7 வீதம். பெற்றவர் மட்டும் என்றால் 20 வீதம். இரண்டும் என்றால் 24.5.

பெற்றவரின் பக்கம் கூடுகிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த 20ஐத் திருப்பி வாசியுங்கள். குற்றவாளிக்குப் பிறந்த ஆண்களில் 80 வீதமானோரை நீதிமன்றம் தண்டிக்கவில்லை. மற்றது, இந்தத் தொடர்பு களவு போன்ற சொத்துக் குற்றங்களில்தான் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் தெரியவில்லை. “கொலைகாரன்ட மகன்” என்று பயப்படுகிறவர்களுக்கு இந்தத் தரவு கைகொடுக்காது.

அடுத்து, பத்திரிகைகள் ‘போர்வீரன் மரபணு’ என்று பட்டம் சூட்டிய எம்.ஏ.ஓ.ஏ. மூளையில் செரட்டோனின், டோபமின் போன்ற இரசாயனங்களைச் சிதைக்கும் நொதியம் ஒன்றை உண்டாக்குவது இதன் வேலை. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகளை ஆய்வாளர்கள் சிறுவயதிலிருந்து பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 442 ஆண்களின் தரவு 2002இல் வெளியானது. அந்த நொதியம் குறைவாகச் சுரக்கும் வகை மரபணு அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோரிடம் இருந்தது. அந்த வகை இருந்தும் வீட்டில் அடி உதையின்றி வளர்ந்தவர்கள் மற்றவர்களைவிட மோசமாகவில்லை. அந்த வகையும் இருந்து, சிறுவயதில் துன்புறுத்தவும் பட்டவர்கள் மொத்தத்தில் 12 வீதம்தான். ஆனால் வன்முறைக்கான தண்டனைத் தீர்ப்புகளில் 44 வீதம் அவர்களுடையது. பின்வந்த ஆய்வுகள் சில இதை உறுதிசெய்தன, சில செய்யவில்லை. ‘நூலைப் போல சேலை’ என்று பழமொழி சொல்கிறோம். மருதமுனையில் தறி வைத்திருப்பவரிடம் கேட்டால், ஒரே நூலில் நல்ல சாரமும் வரும், கழிவும் வரும் என்பார்.

இன்னொரு விசயம் எனக்குப் படித்தபோது சிரிப்பை வரவழைத்தது. இந்த மரபணு இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் கிடைப்பது உம்மாவிடமிருந்து மட்டும். வாப்பா கொடுப்பது வை. மறியலில் இருக்கும் வாப்பா இதை மகனுக்குக் கொடுக்கவே முடியாது. ஆசிரியர் அறையில் அதிகம் அடிபடும் ‘குற்ற மரபணு’வின் கதி இதுதான்.

உடல் சார்ந்தது எல்லாம் பரம்பரை சார்ந்ததும் அல்ல. தலையில் பட்ட அடி, குழந்தைப் பருவத்தில் உடம்பில் ஏறிய ஈயம், கருவில் இருக்கும்போது தாய் குடித்த மது, இவையெல்லாம் மூளையின் அடக்கும் திறனைப் பாதிக்கின்றன. இவையும் உயிரியல் விளக்கங்கள்தாம். ஆனால் “ரெத்தம்” என்ற சொல்லுக்குள் இவை அடங்கா. ஒரு பிள்ளை கையை ஓங்கிக்கொண்டே இருந்தால், அவன் எப்போதாவது விழுந்து தலையில் அடிபட்டானா, வீட்டில் யார் அடிக்கிறார்கள் என்று கேட்கலாம். வாப்பாவின் வழக்கு இலக்கத்தைக் கேட்டு ஆவதொன்றுமில்லை.

நீதிமன்றங்களும் இந்த மரபணுவோடு தடுமாறுகின்றன. 2009இல் அதே இத்தாலியில், திரியெஸ்தே நகரின் மேன்முறையீட்டு நீதிமன்றம், கொலைக் குற்றத்துக்காக ஒன்பது வருடத்துக்குச் சற்று மேல் தண்டனை பெற்ற அல்ஜீரியர் ஒருவரின் தண்டனையில் ஒரு வருடத்தைக் குறைத்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அவரிடமிருந்த எம்.ஏ.ஓ.ஏ. வகை. பிறவியிலேயே கோபக்காரன், ஆகவே பாவம் என்று நீதிபதி வாசித்தார். பிறவியிலேயே கோபக்காரன், ஆகவே இன்னும் நீண்டகாலம் உள்ளே வைக்க வேண்டும் என்று இன்னொரு நீதிபதி அதே பரிசோதனை அறிக்கையை வாசிக்க எந்தத் தடையுமில்லை.