விரிசலுக்கு ஒரு பூட்டு

வீடும் மரமும் – 9

மரவாடியில் பலகை அடுக்கைப் புரட்டும்போது நுனியில் விரிசல் விட்ட பலகை தென்பட்டால், வியாபாரியே அதை இழுத்து ஓரமாகச் சாத்திவிடுவார். விரிசல் வரைக்கும் அறுத்துத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சட்டத்துக்கு வைத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். ஜார்ஜ் நகாஷிமா அந்தப் பலகையை அப்படியே மேசையாக்குவார். விரிசலை மெழுகோ மரத்தூளோ வைத்து அடைக்க மாட்டார். அது மேலும் ஓடாதபடி, குறுக்கே பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு துண்டு செதுக்கிப் பதிப்பார். இரண்டு முனையும் அகன்று, நடுவில் இடுப்பு குறுகிய துண்டு. இடுப்பு விரிசலின் மேல் உட்காரும். இறக்கைகள் இரண்டும் பலகையின் இரு பாதிகளையும் பிடித்துக்கொள்ளும். மரம் விலக விலக அந்தப் பிடி இறுகும். பல நாட்டுத் தச்சர்களுக்குத் தெரிந்த பழைய உத்திதான் இது. பலகையின் அடிப்பக்கம் ஒளிந்து கிடந்ததை மேசையின் முகத்துக்குக் கொண்டுவந்தது நகாஷிமாவின் துணிச்சல். அந்தத் துண்டு எந்த இடத்தில், என்ன அளவில் வரவேண்டும் என்பதில் அவர் காட்டிய நிதானத்தைப் பார்த்தால், விரிசலும் அவருடைய வரைபடத்தில் இருந்த ஒரு கோடு என்றே தோன்றும்.

இந்தத் தொடரில் அவருக்கு ஒரு வாரம் முழுவதையும் ஒதுக்கக் காரணம் உண்டு. அமெரிக்க மரச்சாமான் கலையில் தனிப் பெயர் பெற்ற இந்த மனிதரின் தொழில் வாழ்க்கை திசை திரும்பிய ஊர்களில் ஒன்று புதுச்சேரி.

1905-ல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கல்லூரியில் முதலில் வனவியல், பிறகு கட்டடக் கலை. எம்.ஐ.டி.யில் மேல்படிப்பை முடித்துவிட்டு ஊர் சுற்றி, டோக்கியோவில் அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞரின் அலுவலகத்தில் சேர்ந்தார். அந்த அலுவலகத்துக்குத்தான் அரவிந்தர் ஆசிரமத்திலிருந்து ஒரு வேலை வந்தது: சாதகர்கள் தங்க ஒரு விடுதி கட்ட வேண்டும். ஹைதராபாத் சமஸ்தானத்தின் உயர் பொறுப்பில் இருந்த சர் அக்பர் ஹைதரி அதற்கு நிதி பெற்றுத் தந்ததால் அந்த விடுதிக்கு ‘கோல்கோண்ட்’ என்று பெயர் வந்தது. களத்தில் இருந்து அதைக் கட்டுவிக்க ரேமண்ட் அனுப்பிய ஆள் நகாஷிமா. 1937-ல் வேலை தொடங்கியது.

கோல்கோண்ட் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். புதுச்சேரி வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் நமக்குத் தெரியும். அங்கே வலுவூட்டிய கான்கிரீட்டில், ஜன்னல் கண்ணாடியே இல்லாமல் ஒரு கட்டடம். நீண்ட முகங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. சுவர் இருக்கவேண்டிய இடத்தில், தரையிலிருந்து மேல்தளம் வரை திருப்பி வைக்கக்கூடிய கிடைத் தகடுகள். மழைக்கு மூடலாம், காற்றுக்குத் திறக்கலாம், வெயிலுக்குச் சாய்க்கலாம். கூரை இரட்டை அடுக்கு. நடுவே காற்றோட்டம் இருப்பதால் மேல் அடுக்கு வாங்கும் சூடு கீழே இறங்குவதில்லை. அறைக்கும் நடைவழிக்கும் நடுவே கதவு தேக்கில் செய்தது, பக்கவாட்டில் நகர்வது. அதன் பட்டைகளை ஒன்றுவிட்டு ஒன்று முன்னும் பின்னுமாக அடித்திருக்கிறார்கள். காற்று நுழையும், பார்வை நுழையாது. தனிமைக்காகக் கதவைச் சாத்தினால் புழுங்கும், காற்றுக்காகத் திறந்தால் தனிமை போகும் என்று நம் அடுக்குமாடி வீடுகளில் தினமும் படுகிற சங்கடத்தை ஒரு கதவின் பட்டை வரிசையிலேயே தீர்த்துவிட்டார்கள். வீட்டு வடிவமைப்பு என்று எதைச் சொல்கிறோம் என யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தக் கதவைத்தான்.

அறைக்குள் இருந்த மரச்சாமான்களையும் நகாஷிமாவே வடிவமைத்தார். தேக்கில் கட்டில், மேசை, நாற்காலி. தேவைக்கு மேல் ஒரு சட்டம் கிடையாது. ஆசிரம வாழ்க்கையில் அவரும் கலந்துவிட்டார். சம்பளத்தை விட்டார், அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தா என்று பெயரிட்டார். ஒப்பந்தக்காரரின் கெடு இல்லாத, சாதகர்களே வேலையாட்களாக நின்ற அந்தக் களம் அவருக்குள் எதை விதைத்தது என்பதை அவருடைய பிற்கால மேசைகளில் பார்க்கலாம். அவசரம் தெரிகிற ஒரு மூட்டைக்கூட அவற்றில் நான் கண்டதில்லை.

1939-ல் அங்கிருந்து கிளம்பி, ஜப்பான் வழியாக அமெரிக்கா திரும்பினார். போர் வந்தது. 1942-ல் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அமெரிக்க அரசு முள்வேலி முகாம்களில் அடைத்தபோது, மனைவியோடும் கைக்குழந்தை மீராவோடும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்குப் போனார். அங்கே ஜப்பானிய முறையில் பயின்ற ஜென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரும் அடைபட்டிருந்தார். முகாம் கட்டியதில் மிஞ்சிய பலகைத் துண்டுகளும் பாலைநிலப் புதரின் கட்டைகளுமே கிடைத்தவை. அவற்றை வைத்து, கட்டடக் கலைப் பட்டம் பெற்றவர் ஒரு தச்சருக்குப் பக்கத்தில் அமர்ந்து உளி பிடிக்கவும் மூட்டுப் பொருத்தவும் கற்றார். அநியாயமாகப் பறிக்கப்பட்ட அந்த மாதங்களை எந்தக் கலையும் நியாயப்படுத்தாது. ஆனால், வீண் என்று ஒதுக்கியதை வைத்து வேலை செய்யும் பழக்கம் அவர் கைக்கு அங்கே வந்தது என்றே நம்புகிறேன்.

1943-ல் ரேமண்டின் முயற்சியால் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் ஊருக்குக் குடிவந்தார். பட்டறை அங்கேதான் வளர்ந்தது.

அவருடைய வேலை உளியில் தொடங்குவதில்லை, வாளறுப்பில் தொடங்குகிறது. பெரிய அடிமரத்தை அறுக்கும்போது கூடவே நிற்பார். எந்தப் பக்கம் திருப்பி அறுப்பது, பலகை என்ன கனம் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் முடிவெடுக்க வேண்டும். தவறாக ஒரு வெட்டு விழுந்தால், நூறு ஆண்டுக்கு மேல் வளர்ந்த மரத்தின் ரேகை யாருக்கும் தெரியாமல் போகும். அறுத்த பலகைகளை இடையே குச்சி வைத்து, அறுத்த வரிசையிலேயே அடுக்கிக் காய விடுவார்கள். அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் பதப்படுத்துவோர் சொல்லும் பொதுக் கணக்கு. வரிசை கலையாமல் வைப்பதற்குப் பலன் உண்டு: அடுத்தடுத்த இரண்டு பலகைகளைப் புத்தகம் விரிப்பதுபோல் விரித்து ஒட்டினால், ரேகை இருபுறமும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். நம் அறுவை மில்களில் ஒரு மரத்தின் பலகைகள் அன்று மாலையே நாலு வண்டியில் நாலு ஊருக்குப் போய்விடுகின்றன.

வாடிக்கையாளர் நேரில் வருவார். பலகைகளை இறக்கிக் காட்டி, பேசி, இன்ன மரத்தில் இன்ன மேசை என்று முடிவாகும். முடிந்த சாமானின் அடியில் அந்த வாடிக்கையாளரின் பெயரை எழுதிவைப்பது வழக்கம். வெளி ஓரத்தைப் பட்டை மட்டும் நீக்கி, மரம் வளர்ந்த வளைவிலேயே விட்டுவிடுவார். இன்று நம் நகரத்துக் கடைகளில் ‘லைவ் எட்ஜ்’ என்ற பெயரில் விற்பது இந்த ஓரத்தின் வழிவந்ததுதான். ஆனால், நடுவே நீல நிற எபாக்சி ஊற்றி ஆறுபோல் ஓடவிட்ட மேசைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இயற்கை ஓரம் இரண்டையும் உள்ளே திருப்பிப் பிசினில் புதைத்துவிட்டு, வெளி ஓரத்தை நேராக அறுத்துவிடுகிறார்கள். கை வைத்துத் தடவ வேண்டிய இடம் கைக்கு எட்டாமல் போகிறது.

நகாஷிமாவின் எல்லாச் சாமானும் இப்படிப் பரந்த பலகை அல்ல. 1960-ஐ ஒட்டி வந்த கோனாய்டு நாற்காலிக்கு இரண்டே கால்கள். தரையில் கிடக்கும் இரு நீளக் கட்டைகளில் அவை ஊன்றியிருக்க, இருக்கை முன்பக்கம் தாங்கலின்றி நீண்டு நிற்கும். ஒடிந்துவிடும் என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். இன்றும் அதைச் செய்கிறார்கள், உட்காருகிறார்கள். நிற்பதற்கான கணக்கு கட்டடக் கலைஞருடையது, மூட்டு தச்சருடையது.

இந்தியத் தொடர்பு அறுந்துவிடவில்லை. 1964-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காக, அங்கேயே செய்யும்படி சாமான்களை வடிவமைத்துத் தந்தார். கடைசிக் காலத்தில், கண்டத்துக்கு ஒன்றாகப் பெரிய அமைதி மேசைகள் செய்ய ஆசைப்பட்டார். முதலாவது 1986-ல் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. அவர் 1990-ல் காலமானார். ஆசியாவுக்கான மேசையை மகள் மீரா முன்னின்று முடிக்க, அது 1996-ல் ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள் கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். பட்டாம்பூச்சிப் பூட்டு என்று இதுவரை நான் சொன்னதெல்லாம் அங்கே ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

அவருடைய பட்டறைச் சாமானின் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாது. அவருடைய முறை எட்டும். வேம்பு, வாகை, பூவரசு, பலா என்று நம் பக்கத்து மரங்களே போதும். வீட்டு மரம் விழுந்தால் விறகுக்குக் கொடுக்கும் முன் மில்லுக்கு ஒரு நடை போங்கள். அறுத்ததை வரிசை மாறாமல், நிழலில், இடைக்குச்சி வைத்து அடுக்கச் சொல்லுங்கள். மேசை செய்யும்போது தச்சரிடம் ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: மேல்பலகையைச் சட்டத்தோடு எப்படிப் பிணைக்கப் போகிறார்? மரம் நீளவாட்டில் ஏறக்குறைய அசைவதே இல்லை. அகலவாட்டில் ஐப்பசி மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். பசை போட்டுச் சட்டத்தோடு இறுக்கிவிட்டால் ஒரு கோடையிலேயே பலகை வெடிக்கும். சட்டத்தில் திருகு ஏறும் துளை, பலகையின் அகலவாட்டில் சற்று நீண்டிருந்தால் போதும். பலகை தன் போக்குக்கு அசைந்துகொள்ளும். நல்ல தச்சருக்கு இது தெரியும். நீங்கள் கேட்டால் அவருக்கு மகிழ்ச்சியாகவும் இருக்கும். செய்து வைத்த மேசையிலேயே விரிசல் விழுந்துவிட்டால், புளிய மரத்தின் வைரத்தில் பட்டாம்பூச்சிக் கட்டை செதுக்கிப் பதிக்கலாம். பலகைக் கனத்தில் பாதி ஆழம், இடுப்பு விரிசலின் நேர் மேலே, ரேகை விரிசலுக்குக் குறுக்காக. விரிசல் நீளமாக இருந்தால் இரண்டு.

அடுத்த வாரம்: திருகே இல்லாமல் துளையும் கழுந்தும் மட்டும் வைத்துச் செய்யும் கட்டில்கள்.

(தொடரும்)