ஏற்காட்டுக் குழந்தைக்கு எத்தனை சதவீதத்தில் ஆக்சிஜன்?

நிமோனியா வந்த குழந்தையின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் ஒரு எண் வரும். அது 90க்குக் கீழே போனால் ஆக்சிஜன் தரணும் என்பது சமவெளிக் கணக்கு. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், காற்று கொஞ்சம் மெலிசு. அப்போ அந்த எண்ணும் இங்கே குறையுமா? குழந்தையை 20 கொண்டை ஊசி வளைவுகள் இறக்கிச் சேலத்துக்கு அனுப்பணுமா என்பதில் இந்த எண்ணுக்குப் பெரிய பங்கு இருக்கு.

இணையத்தில் தேடினா ஆய்வுகள் வரிசையாக வரும். பலவற்றில் சுருக்கம் மட்டும்தான் இலவசம்; முழுசாப் படிக்க ஒரு கட்டுரைக்கே 30 டாலருக்கு மேல் கேட்பாங்க. ஆனா இந்தக் கேள்விக்கு விடை பூட்டுக்குள்ள இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016ல் குழந்தைகளுக்கான ஆக்சிஜன் சிகிச்சைக் கையேடு ஒன்றை இலவசமாக வெளியிட்டது. அதன்படி 2500 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களுக்குத்தான் வரம்பு 87. சேர்வராயன் மலை உச்சியே 1700 மீட்டரைத் தொடாது. ஆக, ஏற்காட்டுக்கும் 90தான். ஷாக், நினைவிழப்பு மாதிரி அபாய அறிகுறி இருந்தா 94. இந்த மாதிரி துணை வரிகளுக்காகத்தான் முழுசாப் படிக்கணும்னு சொல்றேன்.

இன்னொரு உதாரணம், 2011ல் வெளியான 'ஃபீஸ்ட்' ஆய்வு. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடுமையான காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிய 3141 குழந்தைகள். வேகமாக நரம்பு வழி திரவம் ஏற்றியவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தது சுமார் 10.5 சதவீதம்; அப்படி ஏற்றாதவர்களில் 7.3. தலைப்பை மட்டும் பார்த்தா 'குளுக்கோஸ் ஏத்தினா ஆபத்து'ன்னு வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோணும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய குழந்தைகளை அதில் சேர்க்கவே இல்லை. பாதிக்கு மேல் மலேரியா. அந்த ஆஸ்பத்திரிகளில் தீவிர சிகிச்சைப் பிரிவும் கிடையாது. நம்ம ஊருக்கு எவ்வளவு பொருந்தும்னு முடிவு பண்ண இந்த விவரங்கள் எல்லாம் வேணும்.

எங்கே கிடைக்கும்? முதலில் பப்மெட் சென்ட்ரல். அடுத்து, 'அன்பேவால்' என்ற உலாவி நீட்சி: சட்டப்படி இலவசமாக வேறெங்காவது பிரதி இருந்தா காட்டிக்கொடுக்கும். 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' பழைய இதழ்கள் திறந்தே கிடக்கு. வழக்கமான குழந்தை நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைக் கைநூலின் 2013 பதிப்பே போதும். ஆய்வுக் கட்டுரையைத் தேடி அலைய வேண்டாம்.

'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துடுச்சேன்னு கேட்கலாம். 2024 நவம்பரில் ஒப்புதலாகி, மூன்று ஆண்டுக்கு 6000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். நல்ல திட்டம்தான். ஆனா அது அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மாணவருக்குக் கதவு திறக்கும். மலை மேல் தனியாக கிளினிக் வைத்திருக்கும் டாக்டருக்குத் திறக்காது, குழந்தையின் அம்மாவுக்கும் திறக்காது. வரிப்பணம் மட்டும் எல்லாரோடதும்!

சை-ஹப்பைத் தேடிப் போனவங்களுக்கு, 2020ல் பதிப்பகங்கள் போட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் அதை முடக்கச் சொன்னது தெரிந்திருக்கும். மிச்சமிருப்பது பழைய வழி: சுருக்கத்தின் அடியில் இருக்கும் ஆசிரியரின் மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதிக் கேட்பது. கட்டுரை விற்பனையில் அவருக்கு ஒரு பைசா வராது. யாரோ படிக்கக் கேட்கிறாங்கன்னா சந்தோஷமா அனுப்புறவங்க நிறைய பேர் இருக்காங்க.