தொலைக்காட்சி வழியே ஆங்கில மரபுத்தொடர்கள்

மல்காஜ்கிரியில் வசிக்கும் நம்மவர் குடும்பங்களில் வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, அக்கம்பக்கத்தில் இந்தி என மூன்று மொழிகள் தாமாகவே பழகிவிடுகின்றன. ஆங்கிலம் மட்டும் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடுகிறது. இலக்கணத்தில் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளும் நேர்முகத் தேர்வில் தயங்குகிறார்கள். மரபுத்தொடர்கள் பழக்கத்தில் இல்லாதது இதற்கு ஒரு முக்கியக் காரணம். வீட்டிலுள்ள தொலைக்காட்சியே இதற்கு உதவும்.

மரபுத்தொடரைச் சொல் சொல்லாகப் பிரித்தால் பொருள் கிடைக்காது. 'யூ ஆர் புல்லிங் மை லெக்' என்றால் 'என்னைக் கேலி செய்கிறாய்' என்று பொருள். தமிழில் 'காலை வாரிவிட்டான்' என்றாலோ அது நம்பிக்கைத் துரோகம்! புத்தகத்தில் குழப்பும் இந்த வேறுபாடு, திரையில் பேசுபவரின் முகத்தைப் பார்த்தவுடன் விளங்கிவிடும்.

1977 இறுதியில் இங்கிலாந்தில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடர் இதற்கு நல்ல உதாரணம். பல நாட்டவர் லண்டனில் மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்கும் கதை. ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் பிறந்தவர். தொடர்களை மாணவர்கள் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதில்தான் நகைச்சுவையே பிறக்கிறது. அயல்நாட்டவரைக் கேலிச்சித்திரமாகக் காட்டுகிறது என்ற கண்டனமும் அதற்கு உண்டு. பிள்ளைகளிடம் அதையும் சொல்லிவிட்டுக் காட்டுவது நல்லது. இதைத் தழுவி 1993-ல் தூர்தர்ஷனில் பங்கஜ் கபூர் ஆசிரியராக நடித்த 'ஜபான் சம்பால்கே' வந்தது. அதில் கற்பித்த மொழி இந்தி.

ரயில்வேயில் பணிபுரிந்த எனக்குச் சில ஆங்கிலத் தொடர்கள் சொந்தக்காரர்கள் போல. நீராவி என்ஜினின் பாய்லரில் அழுத்தம் மிஞ்சினால் பாதுகாப்பு வால்வு திறந்து ஆவியை வெளியேற்றும். 'லெட்டிங் ஆஃப் ஸ்டீம்' என்றால் மனத்தில் அடைத்து வைத்ததைக் கொட்டித் தீர்ப்பது. ஆவி தீர்ந்தால் வண்டி நிற்கும். 'ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்' என்றால் பாதியில் ஊக்கம் குன்றுவது. 'ஆஃப் தி ரெயில்ஸ்' என்பதற்குத் தமிழிலேயே 'தடம் புரண்டது' என்கிறோம். ஒரு தொடர் எந்தத் தொழிலில் பிறந்தது என்று தெரிந்தால் மறக்காது.

நான் சொல்லும் முறை இதுதான்:

1. இரண்டு, மூன்று நிமிடக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முழுப்படம் வேண்டாம்.

2. முதலில் ஒலியில்லாமல் பாருங்கள். யார், எந்த மனநிலையில் பேசுகிறார் என்று ஊகியுங்கள்.

3. பிறகு ஒலியோடும், திரையின் அடியில் ஆங்கில எழுத்துகளோடும் பாருங்கள். தமிழ் எழுத்து ஓடினால் கண் அதைப் படிக்கும், காது உறங்கிவிடும்.

4. புதிய தொடரை முழுமையாக நோட்டில் எழுதுங்கள். யார் யாரிடம் சொன்னார் என்பதையும் குறியுங்கள்.

5. அன்றே வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

பேசும் மொழியிலேயே எழுத்தும் ஓடினால் படிப்புத்திறன் வளரும் என்ற கருத்தை 1996-ல் முன்வைத்தவர் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மின் பிரிஜ் கோத்தாரி. இந்தித் திரைப்பாடல்கள் அவ்வாறே எழுத்துடன் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயின.

ஓர் எச்சரிக்கை. நண்பர்கள் திரையில் பேசிக்கொள்வதை மேலதிகாரியிடமோ விண்ணப்பக் கடிதத்திலோ பயன்படுத்தக்கூடாது. நாலாவது குறிப்பு அதற்காகத்தான்.

வாரம் ஐந்து தொடர் கற்றால் ஆண்டுக்கு இருநூற்றைம்பதைத் தாண்டும். பிள்ளைகளோடு தாய்மார்களும் உட்காரட்டும். ஒவ்வொரு தொடருக்கும் ஈடான தமிழ் வழக்கை அவர்கள் சொன்னால், ஆங்கிலம் வளரும்போதே வீட்டுத் தமிழும் வளரும்.