காரின் ஒரு பக்கம் மட்டும் சூடாவது ஏன்?

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஊர் பெரிய முதலியார்சாவடி. அதற்கும் வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். வெயிலும் வியர்வையும் நிறைந்த இக்கரையில் காரின் ஹீட்டரை யாரும் நினைப்பதில்லை. ஆனால் அதே கார் டிசம்பர் மாதத்தில் உதகமண்டலம் ஏறினால்? ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. அப்போது ஹீட்டரைத் திருகினால், பழைய கார்களில் ஒரு பக்கம் வெப்பக் காற்றும் மறுபக்கம் குளிர்காற்றும் வரக்கூடும். காரணம் என்ன?

எஞ்சினில் எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைக் குளிர்விக்கும் நீருக்குச் செல்கிறது. அந்தச் சுடுநீரில் ஒரு பகுதி, முன்பலகைக்குப் பின்னால் உள்ள சிறிய ரேடியேட்டர் ஒன்றின் மெல்லிய குழாய்களில் ஓடுகிறது. விசிறி அதன் ஊடே காற்றைச் செலுத்துகிறது. இதுவே ஹீட்டர். எல்லாக் குழாய்களிலும் சுடுநீர் ஓடினால்தான் காற்று சீராகச் சூடாகும்.

கடலோரக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றுவதாக வைத்துக்கொள்வோம். கடின நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் காணும் வெண்ணிறப் படிவு இதுவே. நீரிலுள்ள உப்போ உலோகத்தை அரிக்கிறது. படிவும் துருவும் சேர்ந்து குறுகிய குழாய்களை அடைக்கின்றன. அடைபட்ட பகுதி வழியே வரும் காற்று குளிர்ந்தே இருக்கும். நீர் குறைந்து குழாய்களில் காற்று தங்கினாலும் இதே விளைவுதான்.

பழுதைக் கண்டறிவது கடினமன்று. எஞ்சின் நன்கு சூடான பின் அதை நிறுத்திவிட்டு, ஹீட்டருக்குச் செல்லும் இரு ரப்பர் குழாய்களையும் துணியைப் பிடித்துக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால், அடைப்பு இருக்கலாம். அல்லது நீரை விடும் வால்வு திறக்கவில்லை. இரண்டும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், நீர் குறைந்திருக்கலாம்; அல்லது தெர்மோஸ்டாட் மூடாமல் நின்றிருக்கலாம். இரண்டுமே நல்ல சூடு என்றால், காற்றைத் திருப்பும் கதவையோ காற்றுக் குழல்களையோ சோதிக்க வேண்டும்.

இது வெறும் வசதிக்குறைவு அன்று. கண்ணாடியில் படியும் ஈரத்தை நீக்குவதும் இந்த வெப்பக் காற்றே. கொண்டையூசி வளைவில் கண்ணாடி மங்கினால் ஆபத்து. மேலும், ஹீட்டரை அடைத்த அதே படிவு ரேடியேட்டரையும் அடைத்து, மலையேற்றத்தில் எஞ்சினைக் கொதிக்க வைக்கலாம்.

அவ்வாறு கொதித்தால் உடனே மூடியைத் திறக்கலாகாது. உதகையின் உயரத்தில் நீர் சுமார் 92 அல்லது 93 டிகிரி செல்சியசிலேயே கொதிக்கும். மூடிக்குள் இருக்கும் அழுத்தமே அதைக் கொதிக்காமல் அடக்கி வைக்கிறது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் நீங்கி, நீர் பீறிட்டுச் சுட்டுவிடும்.

பரிகாரம் எளிது. பணிமனையில் குறைந்த அழுத்த நீரை எதிர்த்திசையில் செலுத்தி ஹீட்டரைக் கழுவலாம். பின்னர் காய்ச்சி வடித்த நீருடன் உரிய கூலன்ட் கலந்து நிரப்பி, தங்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பழைய கூலன்டைத் தரையில் ஊற்றாதீர்கள். பெரும்பாலானவற்றில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. நாயோ மாடோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

மலையில் தெரியும் பழுதுக்கு விதை, கடற்கரையில் ஊற்றிய ஒரு குடம் நீரில் இருக்கலாம் அன்றோ!