வயிற்று வலியும் வலிப்பும்

'வலி', 'வலிப்பு' ஆகிய இரண்டும் ஒரே வேரினின்று பிறந்த சொற்கள். துடுப்பை இழுப்பதையும், உடல் நோவதையும், கைகால் இழுத்துக்கொள்வதையும் 'வலித்தல்' என்றே தமிழ் குறித்தது. எனினும், வயிற்று வலியே சிலரிடம் வலிப்பின் வெளிப்பாடாக அமையக்கூடும் என்பதை நம்மில் பலர் அறியோம்.

மூளையின் நரம்பணுக்கள் மின்குறிப்புகளால் இயங்குகின்றன. அம்மின்னியக்கம் திடீரெனக் கட்டுமீறுவதே வலிப்பு. அது கைகால்களை இயக்கும் பகுதியில் நிகழ்ந்தால் கைகால் வெட்டி இழுக்கும். பொட்டின் உட்புறமுள்ள பகுதியில் நிகழ்ந்தால், அடிவயிற்றிலிருந்தோ மேல்வயிற்றிலிருந்தோ ஏதோ ஒன்று நெஞ்சை நோக்கி எழுவதுபோல் தோன்றலாம். குமட்டலோ வலியோ உண்டாகலாம்.

இந்நோயைப் பழந்தமிழர் 'முயலகன்' என்றும் வழங்கினர். கொல்லிமழவனின் மகளுக்கு நேர்ந்த முயலகனைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அவள் உணர்விழந்து கிடந்தாள். 'காக்காய் வலிப்பு' என்னும் பிற்கால வழக்கும் பிறர் கண்ணுக்குப் புலப்படும் துடிப்பையே சுட்டுகிறது. ஆகவே, கீழே விழாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருப்பவரை வலிப்புநோயாளராக நாம் எண்ணுவதில்லை.

வயிற்று வலிப்பு அரிய நோய். குழந்தைகளிடமே பெரிதும் காணப்படுவது. பெரியவர்களிடம் மிக அரிது. வலி திடீரெனத் தொடங்கித் தானே அடங்கும். ஒரே வகையில் மீண்டும் மீண்டும் வரும். அதன்பின் குழப்பமோ களைப்போ உறக்கமோ தொடரும். குடல்வால் அழற்சி, பித்தப்பைக் கல், வயிற்றுப்புண் முதலிய வழக்கமான காரணங்கள் இல்லையென உறுதிசெய்த பின்னரே மருத்துவர் இதனைக் கருதுவார். ஹான்ஸ் பெர்கர் 1929இல் உலகுக்கு அறிவித்த மூளை மின்னலைப் பதிவு அப்போது துணைபுரியும். வலிப்புத் தடுப்பு மருந்தால் வலி நின்றுவிடுவதும் ஒரு சான்றாகும்.

லிட்டில் இந்தியாவுக்கு அணித்தே, டான் டோக் செங் மருத்துவமனை வளாகத்தில் தேசிய நரம்பியல் கழகம் இயங்குகிறது. ஆனால், எத்தகைய பரிசோதனை தேவை என்பதை நோயாளர் கூறும் விவரமே முதலில் உணர்த்துகிறது. பலதுறை மருந்தகத்தில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ மொழிபெயர்ப்பாளராக அமர்பவர் சில வேளைகளில் நம் மாணவரே. "வயிற்றைப் பிசைந்து மேலே ஏறுகிறது, பிறகு நடந்தது நினைவில்லை" என்று பாட்டி கூறுவதை வெறும் 'வயிற்று வலி' என ஆங்கிலத்தில் சுருக்கிவிட்டால், மூளையைச் சுட்டும் குறிப்பே மறைந்துபோகும். பிசைதல், குடைதல், புரட்டுதல் ஆகிய சொற்களின் வேறுபாட்டை வகுப்பறையில் கற்பிப்போம். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, பின்னர் என்ன நேர்ந்தது என்பவற்றையும் கேட்டு முழுமையாக எடுத்துரைக்க மாணவரைப் பழக்குவோம்.